இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு

முதலில் அது வலி என்றே எனக்குத் தெரியவில்லை. விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பது போல இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் கிள்ளானில் கூட்டாளிகளோடு மூன்று கிளாஸ் விஸ்கி குடித்தால், ஞாயிறு காலை அந்தக் கட்டைவிரல் வந்து உட்கார்ந்துவிடும். ஐம்பது வயதில் ஞாயிறு மதியத்துக்குள் போய்விட்டது. ஐம்பத்தைந்தில் திங்கட்கிழமை வரை இருந்தது. இப்போது ஐம்பத்தெட்டு, வியாழன் வரை இருக்கிறது. இப்படியே போனால் எழுபதில் ஒரு மாதத்து வலியும் அடுத்த மாதத்து வலியும் வழியில் சந்தித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதை நினைத்துச் சிரிப்பும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நான் பொதுவாக யாரிடமும் எதையும் சொல்வதில்லை. ஷா ஆலமில் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்தவன். வரைபடம் பேசாது, வரைபவனும் பேச வேண்டியதில்லை. போன வருடம் ஓய்வு பெற்ற பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி குமுதா சில நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு வந்து, "இன்னிக்கு நீங்க இன்னும் வாயே திறக்கல, தெரியுமா?" என்பாள். யோசித்துப் பார்த்தால் உண்மையாக இருக்கும்.

கடைசியில் குமுதாதான் என்னை கிளினிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் இளம்பெண். வயிற்றை நாலு இடத்தில் அழுத்தினார்.

"எவ்வளவு நாளா வலி, அங்கிள்?"

"எட்டு வருஷமா."

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எட்டு வருஷமாவா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

குமுதா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வயதாக ஆக வயிற்றின் உட்புறம் முன்போல எதையும் தாங்காது என்று சொன்னார். மாத்திரை எழுதினார். "மூணு மாசத்துக்கு ஒரு சொட்டு கூட வேணாம். அதுக்கப்புறம் ஸ்கோப் பண்ணிப் பார்ப்போம். சரியா அங்கிள்?"

வெளியே வந்ததும் குமுதா கேட்டாள்: "என்ன முகம் இப்படிப் போச்சு? மூணு மாசம்தானே? குடிக்கலன்னா கூட்டாளிங்க விரட்டிடுவாங்களா?"

மாத்திரைப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

வேலாயுதத்தையும் சுகுமாறனையும் முப்பது வருடமாகத் தெரியும். வேலாயுதம் கிள்ளானில் லோரி வைத்துத் தொழில் செய்பவன். அவன் குரலுக்கு முன் அவனுடைய லோரிகளின் ஹாரன் எல்லாம் கெஞ்சுவது போலத்தான் கேட்கும். சுகுமாறன் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோருடைய நோயும் அவனுக்குத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், முதல் கிளாஸ் முடிந்து இரண்டாவது வரும்வரை. அது மேசைக்கு வந்ததும் வேலாயுதம் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்குவான்.

"இரு, இரு. ரெண்டாவது வந்துடுச்சு. இனிமே சபா பேசும்."

என் பெயர் சபாபதி. சபா என்று அவர்கள் சுருக்கி, அந்தப் பெயரில் ஒரு மாநிலம் இருப்பதால் பக்கத்து மாநிலமான சரவாக் எங்கே என்று கேட்டு, முப்பது வருடமாக அதே நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்கள். ஆனால் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு நான் உண்மையாகவே பேசுவேன். எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. அளவை வேலையில் பார்த்தவை, கேட்டவை எல்லாம் வரிசையாக வரும். வேலாயுதம் மேசையைத் தட்டிச் சிரிப்பான். சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பான்.

அவர்களுக்குத் தெரிந்த சபா அவன்தான். குடிக்காத என்னை அவர்கள் பார்த்ததே இல்லை. ஊமை மாதிரி எதிரில் உட்கார்ந்து கறியைப் பிய்த்துத் தின்னும் ஒருவனை எத்தனை சனிக்கிழமை பொறுத்துக்கொள்வார்கள்? முதல் மாதம் பாவம் என்பார்கள். இரண்டாவது மாதம் வேறு வேலை இருக்கிறது என்பார்கள்.

இதை யோசித்தபடியே அந்தச் சனிக்கிழமை கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்து கிடந்தது. பாடாங் ஜாவா நிலையத்தில் ஒரு பெண்மணி ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் விரலில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதில் பால் சேர்க்காத தேத்தண்ணி, ஐஸ் மிதக்க. வெளிச்சம் அதன் மேல் பட்டது. அசல் விஸ்கி நிறம்.

மிச்ச தூரம் முழுக்க அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நாங்கள் சந்திக்கும் கடை கிள்ளானில் துணிக்கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் பின்னால் இருக்கிறது. ஆட்டுக்கறி பிரட்டலுக்காக குடும்பம் குடும்பமாக வருவார்கள். அதனால் போத்தலை மேசையில் வைக்க முதலாளி விடமாட்டார். எங்கள் போத்தல் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அலமாரியில் இருக்கும். அங்கேயே ஊற்றி, தண்ணீரும் ஐஸும் சேர்த்து, கிளாஸாகக் கொண்டுவந்து தருவார்கள். என் திட்டத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்காது.

அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். கல்லா அருகே, எங்கள் மேசைக்குப் பரிமாறும் கோபாலன் நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. புதிதாகக் கேட்கும் மலாய்ச் சொற்களை ஆர்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி."

"சொல்லுங்க சார்."

"அவங்க ரெண்டு பேருக்கும் வழக்கம்போல விஸ்கி. எனக்கு அதே மாதிரி கிளாஸ்ல தே ஓ ஐஸ் கோசோங். பால் சேர்க்காத தேத்தண்ணி."

"கோசோங்னா சீனி போடாம."

"ஆமா."

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "ரொட்டி கோசோங்னா முட்டை, வெங்காயம் போடாம. ஆக, எதையும் சேர்க்காம வெறும் சரக்கு. அதானே சார்?"

"சரியாப் பிடிச்சிட்டீங்க," என்று பாராட்டினேன். நான் செய்த பிழை அந்தப் பாராட்டுதான். "ஆனா அவங்களுக்குத் தெரியக் கூடாது."

கோபாலன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வீட்ல சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டீங்களா சார்?"

"அந்த மாதிரிதான்."

"நான் பார்த்துக்கறேன்," என்றார்.

இரண்டு மணிக்கு வேலாயுதம் வந்தான். அவன் வருவது இரண்டு கடை தள்ளியே கேட்டது. பின்னால் சுகுமாறன் முதுகைப் பிடித்தபடி வந்தான். உட்காருமுன்பே வேலாயுதம் தன் மகளைப் பற்றிய சேதியைச் சொன்னான்.

"அனுப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சுடா. அதாவது, அவளே பார்த்துட்டா. நான் பார்த்ததாச் சொல்லிக்கிட்டிருக்கேன். நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என் வீட்டுக்கு வராங்க."

"அப்ப நீ இங்க என்ன பண்ற?" என்றான் சுகுமாறன்.

"வீட்ல இருந்தா மலர் என்னைப் பலகாரம் சுட வைக்கிறாடா," என்று மனைவியை நொந்துகொண்டான்.

கோபாலன் மூன்று கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தார். என் முன்னால் ஒன்றை வைக்கும்போது ஒரு கண்ணை மூடித் திறந்தார். எனக்கு வியர்த்தது. நல்லவேளை, வேலாயுதம் இலைக்கு வந்த கோழிப் பொரியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மிடறு குடித்தேன். கசப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. மூன்று கிளாஸும் ஒரே நிறம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் எனக்குத்தான் இருந்தது. நிறத்தை ஏமாற்றிவிட்டேன், சரி. இரண்டாவது கிளாஸ் வந்ததும் பேச்சுக்கு எங்கே போவது? சாப்பிட்டபடி மனதுக்குள் கதைகளைத் தேடினேன். பூட்டிய வீட்டுக்கு முன்னால் நிற்பது போல இருந்தது.

இரண்டாவது கிளாஸ் வந்தது. வேலாயுதம் கையை உயர்த்தினான்.

"இரு, இரு. வந்துடுச்சு. இனிமே சபா பேசும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணியைப் பாதி வரை குடித்தேன். கிளாஸை வைத்தேன். மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை அப்பளத்தை நொறுக்கியது. என் வாய்க்குள் ஒன்றுமே இல்லை.

"என்னாடா, மிஷின் ஸ்டார்ட் ஆகலயா?" என்றான் வேலாயுதம்.

சுகுமாறன் என்னைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலே காப்பாற்றினான். "விடுடா, அவன் யோசிக்கட்டும். நான் என் கஷ்டத்தச் சொல்றேன். வாஷிங் மிஷின் கெட்டு ஒரு வாரமாச்சு. துணியெல்லாம் கையில துவைக்கிறேன். முதுகு போயிடுச்சு."

"கல்லு இருக்கா?" என்றேன்.

"என்ன கல்லு?"

"துவைக்கிற கல்லு. டெங்கில்ல ஒரு அம்மா வச்சிருந்தாங்க. அதுக்கு அரசாங்கமே கையெழுத்து போட்டிருந்துச்சு."

வேலாயுதம் கோழிக்காலை இலையில் வைத்தான். "சொல்லு."

சொன்னேன். டெங்கிலில் ஒரு தோட்டத்தை மறுபடி அளக்க அளவைக் குழுவோடு நானும் போயிருந்தேன். வரைபடத்தில் ஓர் எல்லைக்கல் இருக்கிறது, நிலத்தில் இல்லை. இரண்டு நாள் பாம்புக்கும் முள்ளுக்கும் நடுவில் தேடினோம். மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குப் போனால், குளியலறையில் எங்கள் கல். மேல் பக்கம் எண் செதுக்கியிருக்கிறது. அதன் மேல் ஒரு சட்டை நுரையோடு கிடக்கிறது. வீட்டுக்கார அம்மா பெயர் வள்ளியம்மா. இருபது வருடமாக அதில்தான் துவைக்கிறார். எங்கள் அதிகாரி வெயிலிலும் டை கட்டும் ஆள். இது அரசாங்கச் சொத்து என்றார். வள்ளியம்மா அவர் சட்டைக் காலரைப் பார்த்து, "இந்தக் கல்லுல துவைச்சா இவ்வளவு அழுக்கு இருக்காது," என்றார்.

வேலாயுதம் மேசையைத் தட்டினான். தண்ணீர்ச் செம்பு ஆடியது.

"அதிகாரி சட்டம் பேச ஆரம்பிச்சாரு. எல்லைக்கல்ல யாரும் நகர்த்தக் கூடாது, கல்லு எங்க இருக்கோ அதான் எல்லைன்னாரு. அந்த அம்மா இடுப்புல கை வச்சாங்க. 'அப்படியா ஐயா? அப்ப உங்க தோட்டம் என் குளியலறையில முடியுது. நாளைக்கு வந்து கூட்டிப் பெருக்கிட்டுப் போங்க'ன்னாங்க."

சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றினான். வேலாயுதத்துக்கு இருமல் வந்துவிட்டது.

"அப்புறம்? கல்லக் கொடுத்தாங்களா? இல்ல, இரு. நிறுத்து. இதுக்கு இன்னொன்னு வேணும். கோபாலன்! மூணு பேருக்கும் இன்னொரு ரவுண்டு!"

கோபாலன் வந்து நின்றார். மூன்று பேருக்கும் என்று சொன்னதில் என் ஏற்பாட்டை மறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். "எனக்கு கோசோங்," என்றேன்.

வேலாயுதம் திரும்பினான். "கோசோங்கா? விஸ்கில என்னா கோசோங்?"

மாட்டிக்கொண்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "தண்ணி, ஐஸ், சோடா, ஒண்ணும் வேணாம். வெறும் விஸ்கி."

"அலாமா! இந்த வயசுல நீட்டா?" வேலாயுதம் சுகுமாறனின் தோளைத் தட்டினான். "பாத்துக்க. நம்ம தண்ணி ஊத்தி ஊத்திக் குடிக்கிறோம். இவன் சிங்கம்டா."

கோபாலன் என்னைக் கவனமாகப் பார்த்தார். பையிலிருந்த தாளை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். போனார்.

அவர் கொண்டுவந்த கிளாஸில் ஐஸ் இல்லை. நிறம் ஒரு படி அடர்த்தி. மூக்கருகே கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை. வாசனை தானாக வந்தது. அரை கிளாஸுக்கு மேல் சுத்தமான விஸ்கி. கல்லா பக்கம் பார்த்தேன். கோபாலன், சொன்னதைச் சொன்னபடி செய்த நிம்மதியோடு தலையை ஆட்டினார்.

வேலாயுதம் எழுந்து நின்றான். பக்கத்து மேசைக் குழந்தை அவனை அண்ணாந்து பார்த்தது.

"அனுப்பிரியா நல்லா இருக்கணும். ஒரே மடக்கு. யாரும் கீழ வைக்கக் கூடாது."

நானும் எழுந்தேன். கிளாஸ் கையில் இருந்தது. நான் தூக்கி வளர்த்த பெண். குடிக்காவிட்டால் கேட்பான். குடித்தால் வியாழக்கிழமைவரை கட்டைவிரல். இந்த முறை அது முழுக் கையாகக்கூட வரலாம். வாசனை பட்டதற்கே வயிறு ஒரு முறை சுருங்கி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்றது. நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் எத்தனையோ நீளமான மௌனங்களில் இருந்திருக்கிறேன். நின்றுகொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு வயிறு வலிக்குது," என்றேன்.

"இப்பவா?"

"எட்டு வருஷமா." உட்கார்ந்தேன். "டாக்டர் ஒரு சொட்டு கூட வேணாம்னுட்டாங்க. இது மட்டும்தான் விஸ்கி. அது கூட கோபாலன் தப்பாப் புரிஞ்சிக்கிட்டாரு. முதல்ல குடிச்ச ரெண்டும் தே ஓ."

வேலாயுதம் மெதுவாக உட்கார்ந்தான். "ரெண்டாவதும்?"

"ரெண்டாவதும்."

"அப்ப அந்தக் கல்லு கதை?"

"தேத்தண்ணில சொன்னது."

வேலாயுதம் தன் கிளாஸைத் தள்ளி வைத்தான். என் காலி கிளாஸை எடுத்து முகர்ந்தான். சுகுமாறனிடம் கொடுத்தான். சுகுமாறனும் முகர்ந்தான். முடிந்தது என்று நினைத்தேன். குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டேன்.

"டேய்!" கடையே திரும்பியது. "முப்பது வருஷமா உனக்கு ஊத்துன விஸ்கியெல்லாம் தண்டமாடா?"

சுகுமாறன் முதலில் சிரித்தான். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திடீரென்று கோபம் வந்து மேசைக்கு மேலாகக் கையை நீட்டி என் வயிற்றில் விரலால் குத்தினான். "எங்க, இங்கயா? எட்டு வருஷமா எதிர்ல ஒருத்தன் மெடிக்கல் லைன்ல உட்கார்ந்திருக்கேன், சொல்லணும்னு தோணலயா? இவன்கிட்ட பதில் வாங்குறதுக்குப் பதிலா எக்ஸ்ரே எடுத்துடலாம் லா."

"சொன்னா என்னைக் கூப்பிடமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"எதுக்குக் கூப்பிடாம இருக்கணும்?"

"குடிக்கலன்னா நான் பேசமாட்டேனே."

"பேசலன்னா என்ன? இவனுக்குக் கேக்க ஆள் வேணாமா?" சுகுமாறன் வேலாயுதத்தைக் காட்டினான். "நீ வரலன்னா இவன் பேசுறது முழுசையும் நான் ஒருத்தன் தாங்கணும். யோசிச்சியா?"

நடுவில் அந்த விஸ்கி நின்றது. வேலாயுதம் அதை எடுக்கக் கை நீட்டினான். பாதியில் கை நின்றது. தன் தொப்பைக்கு மேலே ஓரிடத்தைத் தடவிக்கொண்டான்.

"என்னாடா?" என்றான் சுகுமாறன்.

"ஒண்ணுமில்ல." கண்ணை எங்கள் பக்கம் திருப்பாமல், "கார்ல மாத்திரை வச்சிருக்கேன். இங்க வரதுக்கு முன்னாடி ரெண்டு, போகும்போது ரெண்டு," என்றான். "மலருக்குத் தெரியாது. வெள்ளை மாத்திரை. மென்னா புதினா வாசனை. வாய் நாத்தத்துக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

இருவரும் சுகுமாறனைப் பார்த்தோம். அவன் கண்ணாடியை நிதானமாக மாட்டிக்கொண்டான்.

"நான் குடிச்சே ஒரு வருஷமாச்சு," என்றான். "வாய்ல வச்சிட்டு அப்படியே கிளாஸ்லயே விட்டுடுவேன். நீங்க ரெண்டு பேரும் பாக்கவே மாட்டீங்க. ஒருத்தன் கத்துவான், ஒருத்தன் கூரையப் பார்ப்பான்."

அதன் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக் குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டது. கோபாலன் ஓடி வந்தார். "ஏதாவது தப்பாயிடுச்சா சார்?"

"ஒண்ணும் இல்லண்ணே. இத எடுத்துட்டு மூணு தே ஓ ஐஸ் கோசோங் கொடுங்க," என்றான் வேலாயுதம்.

கோபாலன் தாளை எடுத்தார். மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தக் கோசோங் சார்?"

கோசோங் கதையை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் மணி நாலாகிவிட்டது. மலரிடமிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. மூன்றாவதற்கு வேலாயுதம் எழுந்து, சுகுமாறனையும் இழுத்துக்கொண்டு ஓடினான். நான் நிலையத்துக்கு நடந்தேன். வெயில் தணிந்திருந்தது. வயிறு அமைதியாக இருந்தது. மேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

போன் அடித்தது. வேலாயுதம்.

"டேய், கல்லக் கொடுத்தாங்களா இல்லையா?"

"யாரு?"

"அந்த அம்மா! டெங்கில் அம்மா! பாதியில விட்டுட்டு வந்துட்ட. சுகுவுக்கும் தெரியணுமாம்."

"நீ வீட்டுக்குப் போகலயா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரலயா?"

"வந்துட்டாங்க, உள்ள உட்கார்ந்திருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் வாசல்ல காருக்குள்ள உட்கார்ந்திருக்கோம். சொல்லு சீக்கிரம்."

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. நான் எழவில்லை.

"வேற துவைக்கிற கல்லு கொடுத்தா இதத் தரேன்னாங்க," என்றேன். "ஆபீஸ்லேருந்து ஒரு புது எல்லைக்கல்லே கொண்டுபோய்க் கொடுத்தோம். நம்பர் கூட செதுக்கல. அந்த அம்மா ரெண்டையும் தடவிப் பாத்தாங்க. புதுசுல ஒரு சட்டையத் துவைச்சும் பாத்தாங்க. 'இது வழவழன்னு இருக்கு, அழுக்கு போகாது, நீங்களே வச்சுக்குங்க'ன்னுட்டாங்க. அரசாங்கக் கல்லு இன்னும் குளியலறையிலதான் இருக்கு. புதுக் கல்லத்தான் தோட்டத்துல நட்டோம்."

போனுக்குள் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. காரின் ஹாரனில் யாரோ தெரியாமல் கை வைத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு முறை அலறியது. பிறகு கண்ணாடியைத் தட்டும் சத்தம். மலரின் குரல்.

"ஏங்க, உள்ள சம்பந்திங்க உட்கார்ந்திருக்காங்க. இங்க என்னா கூத்து? குடிச்சிட்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல மலர், சத்தியமா தேத்தண்ணிதான். சபா ஒரு கல்லு கதை சொல்றான், நீயும் கேளு. டேய் சபா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். முதல்லேருந்து சொல்லு."

ரயில் புறப்பட்டுப் போனது. அடுத்தது அரை மணி நேரம் கழித்துத்தான். புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.